இப்படியிருக்க, சகோதரரே

அன்புள்ள ஐயா,

நான் குமரி மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. காலிப் பணியிடத்தில்தான் சேர்ந்தேன். நிர்வாகம் தந்த நியமன ஆணை கையில் இருக்கிறது. கல்வித்துறையின் ஒப்புதல் மட்டும் இன்னும் வரவில்லை. அது வந்தால்தான் அரசுச் சம்பளம். அதுவரை நிர்வாகம் மாதாமாதம் தரும் தொகையில் பஸ் கட்டணமும் பால் கணக்கும் போனால் மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கோப்பு மூன்று தடவை விளக்கம் கேட்டுத் திரும்பி வந்துவிட்டது. வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகிறார். மழை பிடித்தால் வெட்டு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பாதி நாள் வீட்டில்தான் இருப்பார்.

போன ஞாயிறு, டிசம்பர் 14, கிறிஸ்மஸுக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. ரோஸ் நிற மெழுகுதிரி ஏற்றினார்கள். யாக்கோபு திருமுகத்திலிருந்து வாசகம். பயிரிடுபவரைப் பாருங்கள், மழை வரும்வரை பொறுமையோடு காத்திருக்கிறார் என்று வருமே, அந்த இடம். பிரசங்கத்தில் ஃபாதர் பொறுமையைப் பற்றியே பேசினார். இந்தக் காலத்தில் யாருக்கும் காத்திருக்கத் தெரியவில்லை, எல்லாம் உடனே வேண்டும் என்கிறார்கள் என்றார். அவர்தான் எங்கள் பள்ளியின் தாளாளரும். சம்பள விஷயமாக நான் போய் நிற்கும்போதெல்லாம் அவர் சொல்வதும் அதே வார்த்தைதான். “பொறுமையாயிரும்மா.” எனக்கு நெஞ்சு படபடத்தது. பாதிப் பிரசங்கத்தில் எழுந்து வெளியே வந்து, மாதா கெபிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். நற்கருணை வாங்கவில்லை.

ஐயா, காத்திருப்பது புண்ணியம் என்று எங்களைப் போன்றவர்களிடம் மட்டும் ஏன் சொல்கிறார்கள்? காத்திருக்க வைக்கிறவர்களுக்கு யார் பிரசங்கம் வைப்பது? நள்ளிரவுப் பூசைக்குப் போகவே மனம் வரவில்லை. நான் செய்தது பாவமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாட்களாகத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாவமில்லை. கெபிப் பக்கத்தில் நின்று நீங்கள் அழுததும் செபம்தான். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

அன்றைய வாசகத்தைப் பற்றி எழுத வேண்டும். என் மனைவி சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்கு வரும்போது கொண்டுவந்த பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம் ஒன்று வீட்டில் இருக்கிறது. யாக்கோபு ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனம் அதில் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? “இப்படியிருக்க, சகோதரரே, கர்த்தர் வருமளவும் நீடிய பொறுமையாயிருங்கள்.”

இப்படியிருக்க என்றால் எப்படியிருக்க? அந்த ஒரு சொல்லில் விரலை வைத்துக்கொண்டு மேலே பாருங்கள். முந்தின ஆறு வசனங்களும் பணக்காரர்களைப் பார்த்துச் சொன்னவை. அழுது அலறுங்கள், உங்கள் பொன்னும் வெள்ளியும் துருப்பிடித்துப் போயிற்று என்று ஆரம்பிக்கிறார் யாக்கோபு. நாலாம் வசனத்தில் வருகிறது கூலி. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொண்ட கூலி. அந்தக் கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். வேலைக்காரன் கத்துவது இருக்கட்டும், கொடுக்காத காசுக்கே வாய் முளைத்துக் கத்துகிறதாம். அந்தச் சத்தம் சேனைகளின் கர்த்தருடைய காதில் போய் விழுந்துவிட்டது. இப்படியிருக்க, சகோதரரே, பொறுமையாயிருங்கள்.

உங்கள் வழக்கு கேட்கப்பட்டுவிட்டது, ஆகவே மனம் விட்டுவிடாதீர்கள் என்று கூலி கிடைக்காதவனின் தோளில் கை வைத்துச் சொல்லும் வார்த்தை இது. அதே வார்த்தை கூலி கொடுக்க வேண்டியவர் பக்கத்திலிருந்து வரும்போது அர்த்தம் தலைகீழாகிவிடுகிறது. உங்கள் நெஞ்சு படபடத்ததற்குக் காரணம் இதுதான். வசனத்தைப் பிழையில்லாமல் கேட்டவர் நீங்கள்.

இந்தத் துண்டிப்பு உங்கள் ஃபாதர் செய்ததல்ல. வாசக அட்டவணையே அப்படி. மூன்றாண்டுச் சுற்றில் முதலாம் ஆண்டின் திருவருகைக் கால மூன்றாம் ஞாயிறுக்கு யாக்கோபு 5:7 முதல் 10 வரை. முதல் ஆறு வசனங்கள் இரண்டாம் ஆண்டின் பொதுக்காலம் 26ஆம் ஞாயிறுக்குப் போய்விட்டன. கணக்கு டீச்சரான உங்களுக்குத் தேதியோடு சொல்கிறேன். பிடிக்கப்பட்ட கூலியின் கூக்குரலை நம் ஆலயங்களில் வாசித்தது 2024 செப்டம்பர் 29 அன்று. அதற்குத் தொடர்ச்சியான “பொறுமையாயிருங்கள்” வந்தது 2025 டிசம்பர் 14 அன்று. இடையில் பதினான்கு மாதம் போய்விட்டது. முந்தின வசனத்தை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

பின்பக்கமும் வெட்டுதான். பத்தாம் வசனத்தோடு வாசகம் முடிகிறது. பதினொன்றாம் வசனத்தில்தான் யோபின் பொறுமை வருகிறது. யோபு எப்படிப் பொறுத்தார்? மூன்றாம் அதிகாரத்தில் பிறந்த நாளையே சபிக்கிறார். அதற்குப் பிறகு அதிகாரம் அதிகாரமாகக் கடவுளை வழக்குக்கு இழுக்கிறார். பொறுமையைப் பற்றி அழகழகாகப் பேசியவர்கள் அவரைப் பார்க்க வந்த நண்பர்கள். புத்தகத்தின் கடைசியில் கடவுள் யார்மேல் கோபப்படுகிறார் என்று பாருங்கள். நண்பர்கள்மேல். என் ஊழியன் யோபைப் போல நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார். கத்தியவன் சரியாகப் பேசினான், சமாதானம் சொன்னவர்கள் தப்பாகப் பேசினார்கள். அந்த யோபைத்தான் யாக்கோபு பொறுமைக்கு உதாரணம் காட்டுகிறார்.

சரி, பயிரிடுகிறவனுக்கு வருவோம். அவனைப் பிரசங்கங்களில் ஒரு படமாக மாட்டி வைத்துவிடுகிறோம். கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்று வானத்தைப் பார்க்கிற படம். யாக்கோபின் நாட்டில் முன்மாரி என்பது ஐப்பசியை ஒட்டி விழும் முதல் மழை. கோடையில் இறுகிக் கிடந்த மண்ணை உழுகிற பதத்துக்கு அதுதான் கொண்டுவரும். பின்மாரி பங்குனி வாக்கில், கதிரில் மணி பிடிக்கிற நேரத்தில் வருவது. இரண்டுக்கும் நடுவே நாலைந்து மாதம். அவ்வளவு நாளும் அவன் சும்மாவா இருந்திருப்பான்?

நம் நாஞ்சில் நாட்டில் திருவருகைக் காலம் வரும்போது கும்பப்பூ நெல் வயலில் நிற்கும். என் அப்பா பாட்டத்துக்கு எடுத்துப் பயிர் செய்தவர். கார்த்திகையில் அவரை வீட்டில் பார்க்க முடியாது. களை எடுப்பு, வரப்பு அடைப்பு, நண்டுப் பொந்து மூடுவது என்று போய்விடுவார். மழை பிந்தினால் வானத்தைப் பார்த்து ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டார். “அது வாறப்ப வரும்” என்பார். ஆனால் எங்கள் வயல் கடைவரம்பு. பேச்சிப்பாறைத் தண்ணீர் எல்லாரையும் தாண்டி எங்களுக்கு வந்து சேர வேண்டும். மேலே யாராவது மடையை அடைத்து வைத்தால் அதே மனிதர் வேறு ஆளாகிவிடுவார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கால்வாய் ஓரமாகவே நடப்பார். மறுநாள் காலையில் பொதுப்பணித்துறை அலுவலக வாசலில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா சோற்றுப் பாத்திரத்தை என்னிடம் கொடுத்து அங்கேதான் அனுப்புவார்.

மழைக்குப் பொறுத்தார். மடைக்குப் பொறுக்கவில்லை. சின்ன வயதில் இதை அவருடைய முன்கோபம் என்று நினைத்தேன். இப்போது யாக்கோபின் வசனத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. மனிதன் கையில் இல்லாதது மழை. மனிதன் கையில் இருப்பது மடை. மடையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ‘மழை வரும், பொறு’ என்று சொல்லக்கூடாது. உங்கள் கோப்பு மடையில் நிற்கிறது, டீச்சர்.

திருவருகைக் காலத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு 2017 ஞாபகத்துக்கு வராமல் இருந்ததே இல்லை. நீங்களும் இந்த மாவட்டம்தான், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்த வருடத்தின் நாட்காட்டியை ஒரு தடவை வரிசையாகப் பாருங்கள்.

நவம்பர் 30, பெலவேந்திரர் (அந்திரேயா) திருநாள். மீன்பிடித்து வாழ்ந்த அப்போஸ்தலர், அதற்கு முன் திருமுழுக்கு யோவானின் சீடர். அவருடைய திருநாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அந்த மீனவருடைய நாளன்றுதான் ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று மேற்குக் கரையின் ஊர்களிலிருந்து தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போனவர்கள் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குள் போயிருந்தார்கள். எச்சரிக்கை அவர்களுக்கு எட்டவில்லை. டிசம்பர் 3, ஞாயிறு. கோட்டாறில் சவேரியார் திருநாள். அன்றே திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும். எல்லா ஆலயத்திலும் அன்று வாசிக்க வேண்டிய நற்செய்தி மாற்கு 13. விழிப்பாயிருங்கள், வீட்டுத் தலைவர் மாலையிலோ நள்ளிரவிலோ சேவல் கூவும் வேளையிலோ காலையிலோ எப்போது வருவார் என உங்களுக்குத் தெரியாது.

வீட்டுத் தலைவர் எப்போது வருவார் என்று தெரியாத பெண்கள் முன்னால் அது வாசிக்கப்பட்டது.

அன்று மாலை நண்பரோடு அந்தக் கரையில் ஓர் ஊருக்குப் போயிருந்தேன். எந்த வீட்டிலும் நட்சத்திரம் தொங்கவில்லை. கோயில் படிகளில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் பிளாஸ்டிக் உறை. உள்ளே ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், ஒரு பாஸ்போர்ட் அளவு போட்டோ. யாரோ பெயர் எழுத வருகிறார்கள் என்று எடுத்து வைத்திருந்தார். உறையில் விழுந்திருந்த சுருக்கத்தைப் பெருவிரலால் நீவிக்கொண்டே இருந்தார். நீவி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து நீவுவார். என்ன பேசுவதென்று தெரியாமல் நின்ற எங்களை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “தேடப் போன கப்பலு எத்தன மைலு போச்சு?” எங்களிடம் பதில் இல்லை. ஆறுதல் சொல்லத்தான் போயிருந்தோம். அவருக்கு வேண்டியிருந்தது ஓர் எண்.

டிசம்பர் 7 அன்று அந்த ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பெண்கள், பிள்ளைகள், கூடவே பங்குச் சாமியார்கள். தேடுங்கள், இன்னும் தூரம் போய்த் தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. ரயில்கள் மணிக்கணக்கில் நின்றன. அப்போது சிலர் என்னிடம், என்ன இருந்தாலும் திருவருகைக் காலம், செபத்தில் இருக்க வேண்டிய நேரம் இது என்றார்கள். இருந்துகொண்டுதான் இருந்தார்கள். அந்த வருடம் இந்த மாவட்டத்தில் நான் பார்த்த மிகப் பெரிய திருவருகைக் கால வழிபாடு குழித்துறைத் தண்டவாளத்தில் நடந்தது. புயல் மழை மாதிரி, அதை யாரும் நிறுத்த முடியாது. தேடுதல் மடை. அந்தப் பெண்களுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருந்தது.

சில படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரை ஒதுங்கின. ஆட்கள் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். பலர் வரவேயில்லை. காணாமல் போனவர் இறந்ததாகக் கொள்ள சாதாரணமாக ஏழு வருடம் ஆக வேண்டும் என்பது சட்டம். அந்த மீனவர்களுக்கு விதியைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தார்கள். கொடுத்தது சரிதான், பசிக்கு ஏழு வருடம் கிடையாது. ஆனால் ஒரு கையெழுத்தோடு காத்திருப்பதை முடித்துக்கொள்ளச் சொன்னால் அந்த மனம் என்ன பாடுபட்டிருக்கும்? அந்தப் பிளாஸ்டிக் உறையை அவர் என்ன செய்திருப்பார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

இப்போது நீங்கள் எழுந்து வெளியே வருவதற்கு முன் வாசிக்கப்பட்ட நற்செய்தி. அதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மத்தேயு 11. திருமுழுக்கு யோவான் சிறையில் இருக்கிறார். சாக்கடலுக்குக் கிழக்கே இருந்த மக்கேருஸ் கோட்டை அது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். வனாந்தரத்தில் திறந்த வெளியில் வாழ்ந்த மனிதன் நாலு சுவருக்குள். வருகிறார், வருகிறார் என்று ஆயுள் முழுக்கச் சொன்னவர் சீடர்களை அனுப்பிக் கேட்கிறார்: “வரவிருப்பவர் நீர்தாமா? அல்லது வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா?”

திருவருகைக் காலத்தின் பெரிய புனிதரே இப்படிக் கேட்கிறார். அதுவும் மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர் வைத்து ரோஸ் நிற உடை போடுகிற அந்த ஞாயிற்றிலேயே திருச்சபை இந்தக் கேள்வியை நம் காதில் போடுகிறது. இயேசு அவரைப் பொறுமையில்லாதவர் என்று கடியவில்லை. சீடர்கள் திரும்பிப் போன பிறகு, பெண்களிடம் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவர் இல்லை என்று கூட்டத்தின் முன்னால் சொல்கிறார். அதாவது, கேள்வி கேட்ட பிறகு சொல்கிறார்.

ஆனால் பதிலில் ஒரு விஷயம் என்னை வருடக்கணக்காக உறுத்துகிறது. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது என்று இயேசு அடுக்குகிறார். எல்லாம் எசாயாவின் வாக்குறுதிகள். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் அவரே எசாயாவை வாசித்தபோது அந்தப் பட்டியலில் சிறைப்பட்டோருக்கு விடுதலை என்றும் இருந்தது. யோவானுக்குச் சொல்லி அனுப்பியதில் அது இல்லை. சிறையில் இருக்கிறவன் முதலில் தேடிப் பார்க்கும் வரி அதுவாகத்தான் இருக்கும். என்னைக் குறித்துத் தயக்கம் கொள்ளாதவர் பேறுபெற்றவர் என்று மட்டும் முடிக்கிறார். கதவு திறக்கவில்லை. யோவானின் தலை தட்டில் போனது.

இதை நான் உங்களுக்கு இனிப்பாக்கித் தர முடியாது. கேட்டவர் எல்லாருக்கும் கதவு திறக்கிறது என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

பெர்லினில் தேகல் சிறை. 1943 திருவருகைக் காலத்துக்குச் சற்று முன்பு அங்கே இருந்த லூத்தரன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் காலத்துக்குச் சிறை அறை நல்ல உவமை என்கிறார். உள்ளே இருப்பவன் எதையாவது செய்துகொண்டும் நம்பிக்கொண்டும் இருக்கலாம், ஆனால் கதவு வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். அடுத்த வருடத் திருவருகைக் காலத்தில் அதே சிறையில் இயேசு சபைக் குரு ஆல்ஃபிரட் டெல்ப் விலங்கிட்ட கைகளோடு தியான உரைகள் எழுதினார். அந்தத் தாள்கள் சலவைத் துணிகளுக்குள் மறைந்து வெளியே வந்தன. டெல்ப்பை 1945 பிப்ரவரி 2 அன்றும் போன்ஹோஃபரை ஏப்ரல் 9 அன்றும் தூக்கிலிட்டார்கள்.

போன்ஹோஃபரின் கதவு உவமையைப் பலர் பிரசங்கங்களில் எடுத்துச் சொல்வதுண்டு. அதைச் சொல்கிறவர்கள் அவர் எப்படி அந்த அறைக்குள் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹிட்லரின் ஆட்சிக்கு எதிராகத் தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டு உள்ளே போனவர். டெல்ப்பும் அப்படியே. மடையைத் திறக்கப் போய், கை கட்டப்பட்ட பிறகு மழைக்குக் காத்திருந்தவர்கள். கதவு வெளியிலிருந்துதான் திறக்கும் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. வெளியே சாவியோடு நிற்கிறவருக்கு அந்த உவமையில் பங்கில்லை. அவருக்கு யாக்கோபு வேறொன்று வைத்திருக்கிறார், நீங்கள் கேட்ட வாசகத்துக்கு உள்ளேயே. ஒன்பதாம் வசனம். நடுவர் வாசலில் நின்றுகொண்டிருக்கிறார்.

உங்கள் ஃபாதரைப் பற்றி ஒன்று. கையெழுத்துப் போட வேண்டியது அவரில்லை, அலுவலகம்தான். அவரும் அந்தக் கோப்போடு நடந்திருக்கலாம். அதனால் அவரை எதிரியாக வைக்க வேண்டாம். ஆனால் தாளாளர் என்ற முறையில் அவரால் செய்யக்கூடியவை இருக்கின்றன. அதுவரைக்கும் தரும் தொகையைக் கூட்டித் தரலாம். கோப்பு எந்த மேசையில் என்ன காரணத்துக்காக நிற்கிறது என்பதை உங்களிடம் காகிதத்தில் காட்டலாம். குழித்துறைக்கு நடந்த சாமியார்களைப் போல உங்களோடு அலுவலகத்துக்கு வரலாம். இதையெல்லாம் நேரில் கேளுங்கள். போகும்போது வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், நாலாம் வசனத்திலிருந்து ஏழாம் வசனம் வரை சேர்த்து வாசித்துக் காட்டுங்கள். மரியாதையோடுதான். அவர் நல்ல குருவாக இருந்தால் அதுவே போதும்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். நியமன முன்மொழிவு எந்தத் தேதியில் வந்தது, எந்தெந்தத் தேதியில் யாரிடம் போனது, ஒப்புதல் மறுக்கப்பட்டதா, என்ன காரணம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதில் கையில் இருந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட வழியுண்டு. உங்களைப் போன்ற ஆசிரியர்கள் பலர் அங்கே போய்த்தான் ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள். பணிசார்ந்த வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீல் நண்பரிடம் பேசிவிட்டேன். கோப்பு விவரங்களை எனக்கு அனுப்புங்கள், அவரிடம் சேர்க்கிறேன். கட்டணத்தைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம்.

நள்ளிரவுப் பூசை. போங்கள் என்றுதான் சொல்வேன். டிசம்பர் 17 முதல் 23 வரை திருச்சபையின் மாலைச் செபத்தில் ஒவ்வொரு நாளும் மெசியாவை ஒரு பெயர் சொல்லி, வாரும் என்று கூப்பிடும் பழைய வழக்கம் உண்டு. ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே என்று மூன்று நாள் போய்விட்டன. இன்றைக்கு 20. இன்றைய பெயர் தாவீதின் திறவுகோல். நீர் திறந்தால் பூட்டுவாரில்லை, பூட்டினால் திறப்பாரில்லை, வந்து சிறைக்கூடத்திலிருந்து கைதியை வெளியே கொண்டுவாரும் என்பது இன்றைய செபம். யோவானுக்கு அனுப்பிய பதிலில் விட்டுப்போன அந்த வரியை இத்தனை நூற்றாண்டுகளாகத் திருச்சபை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. உங்களுக்குப் பதிலாகவும் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் இடம் காலியாக இருக்கக்கூடாது.

நம் மொழியில் காத்திரு என்ற சொல்லுக்குள் காவல் இருக்கிறது. காத்து இரு. இது எனக்குப் புத்தகத்திலிருந்து தெரிந்ததல்ல. குடிலுக்குப் பசும்புல் வேண்டுமென்று அம்மா டிசம்பர் 10 வாக்கில் கேப்பை விதைப்பார். முதல்நாள் ராத்திரி ஊறப்போட்டு, அகலச் சட்டியிலும் நாலைந்து சிரட்டையிலும் சலித்த மண்ணும் சாணிப்பொடியும் நிரப்பித் தூவி, ஈரச் சாக்கால் மூடி வைப்பார். மூன்றாம் நாள் சாக்கைத் தூக்கினால் வெள்ளை நூல் நுனி மாதிரி முளை எட்டிப் பார்க்கும். அதற்குமேல் மூடி வைத்தால் வெளுத்துப் போகும், வெயிலில் வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் கோழி வரும். முன்னாலேயே விதைத்துவிட்டால் கிறிஸ்மஸுக்குள் மஞ்சளாகிச் சாய்ந்துவிடும், பிந்தினால் குடிலில் வெறும் மண்தான். அந்தப் பத்துப் பதினைந்து நாளும் அம்மா பூவரசங்கம்பு ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் முற்றத்தில் முருங்கைக் கீரை உருவுவார், அரிசி புடைப்பார். முளை வளர்வது அவர் கையில் இல்லை. கோழி அவர் கையில் இருந்தது.

இந்த வருடம் நானும் விதைத்திருக்கிறேன். இன்றைக்கு ஒன்பதாம் நாள், ஒரு விரல் உயரத்துக்கு வந்துவிட்டது. இதை எழுதிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலி ஓரமாக வந்துவிட்டன. எழுந்து போகிறேன்.

அன்புடன்.